தங்கப்பல் எந்தப் பக்கம்

கோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கக் கூடாது, முதல் தப்பு அதுதான்; கோட்டு மட்டும் கையில் இருந்திருந்தால் இந்நேரம் எழுந்து, தலை சுற்றுகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கடல் பக்கமாக நடந்திருக்கலாம், ஆனால் வாசலில் மரத்தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், வருகிறவர்களின் கோட்டையும் தொப்பியையும் வாங்கி மாட்டுவதற்கென்றே பிறந்தவள் போல இருந்தவள், ஜூன் மாதத்தில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்த எழுபத்துநாலு வயசுக் கறுத்த மனுஷனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையை நீட்டி விரலை இரண்டு தரம் மடக்கினாள், கொடு என்று. கொடுத்தார். பதிலுக்கு ஒரு பித்தளை வில்லை வந்தது, முப்பத்தொன்று என்று எண் போட்டது, அதை இஞ்ஞாசி மோத்தா சட்டைப் பைக்குள் விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். மணி ஏழு தாண்டியும் ஜன்னலில் நம்ம ஊர் நாலு மணி வெயில். கூடம் முழுக்க அரக்குச் சிவப்பில் திரைச்சீலை, கஞ்சி போட்டு விறைத்த வெள்ளை மேஜைவிரிப்பு, தொட்டியில் ஈச்சமரம், மேடையில் ஒரு வயலின், ஆள் உயரத்துக்கு ஒரு தடித்த வயலின், நடுவே அக்கார்டியன். எதிரே ஒரு நாற்காலி காலி. அதற்கு நேராகத் தட்டு, கரண்டி, கிளாஸ் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தது, மகள் ஜெசிந்தாவுக்கு. அவள் ஆபீஸில் ஏதோ மெஷின் படுத்துவிட்டதாம், எட்டுக்குள் வந்துவிடுவாளாம். எட்டு என்றால் சும்மா எட்டு இல்லை. எட்டு மணிக்கு வாத்தியம் நிற்கும், கடைக்காரி போழேனா மைக்கைப் பிடிப்பாள், நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே ‘வெள்ளை நாரை’ சாப்பாட்டுக்கடையில் பாடி, கூடத்தையே அழவைத்த இந்தியக் கப்பல்காரர் இதோ திரும்பி வந்திருக்கிறார் என்பாள், அவர் எழுந்து அதே பாட்டை மறுபடி பாட வேண்டும். எல்லாம் மகளின் ஏற்பாடு, அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசு, அதற்காகத் தூத்துக்குடியிலிருந்து, தான் வேலை பார்க்கும் போலந்துத் துறைமுக ஊரான கிடினியாவுக்கு விமானத்தில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இதில் ஒரே ஒரு சங்கடம், அவர் பாடவே இல்லை. பாடாததைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். இன்றைக்கு முன்னால் இந்தக் கூடத்துக்குள் அவர் கால் வைத்ததே கிடையாது.

அவர் சொல்லாத கதையா. மொம்பாசாவில் வாங்கிய கிளி ஒன்பது நாள் நவநாளையும் தப்பில்லாமல் சொல்லிப் பத்தாம் நாள் பாவசங்கீர்த்தனம் கேட்டது, செங்கடலில் புகைபோக்கி மேல் அப்பளம் பொரித்தது, ஒரு திமிங்கலம் இவர் மேல் ஆசைப்பட்டு கொழும்பு வரை கப்பல் பின்னாலேயே வந்து துறைமுக வாசலில் விசா இல்லாமல் திரும்பிப் போனது. அதையெல்லாம் யாரும் நம்பவில்லை, நம்ப வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் போலந்துக் கதை வேறு ஜாதி. இதை அவர் சத்தம் தாழ்த்திச் சொல்வார். எழுபத்தொன்பது டிசம்பர், வெளியே முழங்கால் பனி, உள்ளே அக்கார்டியன், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறார்கள், ஒரு பாட்டுப் பாடு என்கிறார்கள், இவர் எழுந்து அப்பாவின் வள்ளத்தில் வலை இழுக்கும்போது கேட்ட அம்பாப் பாட்டை எடுக்கிறார், இரண்டாவது அடியிலேயே அக்கார்டியன்காரன் ராகத்தைப் பிடித்துவிடுகிறான், ஒரு கிழ மாலுமி சூப்புக்குள்ளேயே அழுகிறான், பச்சைக் கையுறை போட்ட ஒரு பெண் எழுந்து வந்து இவரோடு ஆடுகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் பெண்டாட்டி மெற்றில்டாதான் ஆரம்பித்து வைப்பாள், அடுப்படியில் நண்டு உடைத்துக்கொண்டே, ‘அந்தப் போலந்து சமாச்சாரத்தச் சொல்லுங்களேன், இவிய கேட்டதில்ல’ என்று. சொல்ல ஆரம்பித்தால் நடுவில் விழுந்து திருத்துவாள். ‘பச்சக் கையுறையா? போன ஈஸ்டருக்கு ஊதான்னிய.’ ‘ஊதா இல்லட்டீ, பச்ச.’ ‘சரி பச்ச. அக்கார்டியன்காரனுக்கு இடது பக்கம் மேல்பல்லு தங்கம், அத வுட்டுட்டியளே.’ ஆமா, தங்கப்பல், என்று இவரும் சேர்த்துக்கொள்வார். அந்தத் தங்கப்பல்லை அவர் சொன்னதே இல்லை. ஒரு தடவை கேட்டார், ஏட்டீ, பல்லு எங்கேருந்து வந்திச்சு என்று. ‘நீங்கதான் சொன்னிய, வயசாகுது, மறதி’ என்றாள். அவர் சந்தோஷப்பட்டார், பெண்டாட்டிக்கும் தன் வியாதி தொற்றிக்கொண்டது என்று. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்புறம் யாரும் அந்தக் கதையைக் கேட்கவில்லை. கேட்காத வீட்டில் உட்கார்ந்து தனக்குத் தானே சொல்லிப் பார்த்திருக்கிறார். பச்சைக் கையுறை வரை வரும், அங்கே யாராவது ஊதா என்று சொல்ல வேண்டும், சொல்ல ஆள் இல்லாமல் கதை அப்படியே நின்றுவிடும்.

சூப் வந்தது, பீட்ரூட் நிறத்தில், உள்ளே குட்டிக் கொழுக்கட்டை மாதிரி இரண்டு மிதந்தன. கொண்டுவந்தது போழேனாவே, அறுபது வயசு, கொண்டை, இடுப்பில் சாவிக்கொத்து. ‘நினைவிருக்கிறதா? அன்றைக்கும் இதே சூப்தான்’ என்றாள் இங்கிலீஷில். ‘அதே வாசம்’ என்றார் இவர், வாய் அதுபாட்டுக்குச் சொன்னது, பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு ஆளே தேவையில்லை. அவள் மேடையைக் காட்டினாள். ‘லெஷெக் அன்றைக்கே இங்கே வாசித்தவர். இருபத்துநாலு வயசில் வந்தார், இன்னும் போகவில்லை. அவரிடம் நீங்கள் வந்திருப்பதை இன்னும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு அவருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும்.’ சாட்சி ஒருவன் இருக்கிறான். நாற்பத்தாறு வருஷமாகப் பக்கத்துத் தெருக்காரனைக் கூட்டிவைத்துச் சொன்ன கதைக்கு உயிரோடு ஒரு சாட்சி, இருபதடி தூரத்தில், மீசையோடு, அக்கார்டியனை விரித்து மூடிக்கொண்டு. மைக்கில் கேட்பாள், லெஷெக், இவரைத் தெரிகிறதா என்று. அவன் பார்ப்பான். இல்லையே என்பான். ஜெசிந்தா அங்கே உட்கார்ந்திருப்பாள், அந்த நாற்காலியில், அம்மாவின் கண்ணோடு. மற்ற பொய் எல்லாம் போகட்டும், திமிங்கலத்தை அவளே பிடித்துத் தின்னட்டும், ஆனால் இந்த ஒன்றை அவள் நம்பினாள், ஏனென்றால் அம்மா நம்பினாள். இது உடைந்தால் அம்மா ஏமாந்தவள் ஆகிவிடுவாள். செத்துப் போனவளை முட்டாள் ஆக்குவதா? அதைவிட நெஞ்சு வலி வரலாம். நிஜமாகவே வரலாம். வில்லை முப்பத்தொன்று.

வில்லை. கப்பலில் ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு, ஆளுக்கொரு தகரத் துண்டு தொங்கும், கரை இறங்குகிறவன் தன் துண்டைத் திருப்பிச் சிவப்புப் பக்கம் தெரியும்படி மாட்டிவிட்டுப் போக வேண்டும். அந்த டிசம்பர் ராத்திரி எல்லாத் துண்டும் சிவப்பு, இஞ்ஞாசியின் துண்டு மட்டும் வெள்ளை. ஊரில் யாராவது அந்தப் பலகையைப் பார்த்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். கப்பலைப் பார்த்துக்கொண்டு வாட்ச் நிற்கிற முறை அவருடையதுகூட இல்லை, லோபோவுடையது, கோவாக்காரன், பெருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. ‘நீ போ லோபோ, நான் பார்த்துக்கிறேன், ஜெனரேட்டர் சத்தம் சரியில்ல’ என்று இவர்தான் போய் நின்றார். ஜெனரேட்டர் சுகமாகத்தான் ஓடியது. பயம். கண்ணாடிக் கதவும் வெள்ளை விரிப்பும் இருக்கிற இடத்தில் எந்தக் கையில் எந்தக் கரண்டி என்று தெரியாத பயம், ஒரு பெண் வந்து ஆடுவாயா என்று கேட்டால் எங்கே கை வைப்பது என்ற பயம், கடைசியில் யாருமே வந்து கேட்காமல் போனால் என்ன செய்வது என்ற பெரிய பயம். இருபத்தெட்டு வயசு. எண்ணெய்ப் புகையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இன்ஜின் ரூமில் ஒரு சட்டம் இருந்தது, கம்பெனிப் புத்தகத்தில் கிடையாது, யார் போட்டது என்றும் தெரியாது. இறங்கிப் போனவன் திரும்பி வந்ததும் சட்டை மாற்றும் முன்னால் வாட்ச்காரனிடம் வந்து, கரையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அந்தக் கதை வாட்ச்காரனுக்குச் சொந்தம். போனவன் அதை அப்புறம் வாயே திறக்கக் கூடாது. நின்றவனுக்கும் ஒரு கரை வேண்டாமா. லோபோ மூக்கு சிவந்து, தோளில் பனியோடு இரும்பு ஏணியில் இறங்கி வந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சொன்னான். சூப், கிழ மாலுமி, பச்சைக் கையுறை. ‘எடுத்துக்கோ மோத்தா, உன்னோடது’ என்று முழங்காலைத் தட்டினான். அவன் பாடியது கோவாப் பாட்டு. அதை அம்பாப் பாட்டாக மாற்றியது ஒன்றுதான் இவர் கைவேலை. சட்டப்படி பார்த்தால் பொய்யே இல்லை. ஆனால் சட்டம் தெரிந்த இன்ஜின் ரூம்காரர்கள் எல்லாரும் கல்லறையில், லோபோ உட்பட, இப்போது போய் யாரிடம் வழக்கு வைப்பது.

பக்கத்து மேஜையில் ஒரு கிழவனும் கிழவியும், கல்யாணநாள் போல, வாத்துக் கறியைப் பாதி வெட்டி அவள் தட்டில் வைக்கிறான், அவள் ஆப்பிளைத் தள்ளி அவன் தட்டில் வைக்கிறாள், பேச்சே இல்லை, வாத்தும் ஆப்பிளும் போய்வந்துகொண்டிருக்கின்றன. இப்படித்தான் மெற்றில்டாவும், மீன் தலையை இவர் தட்டில் வைத்துவிட்டு நடுத்துண்டையும் வைப்பாள், தனக்கு வாலை எடுத்துக்கொள்வாள், வால்தான் ருசி என்பாள், அதைப்போல ஒரு பொய் உலகத்தில் உண்டா, அதை இவர் முப்பத்தொன்பது வருஷம் நம்பினார். போன் அடித்தது. ‘டாடி, கெளம்பிட்டேன். சாப்ட்டீங்களா?’ ‘சூப்பு குடிச்சேன்மா.’ ‘குரலு என்ன ஒரு மாதிரி இருக்கு? பாடணும், ஞாபகம் இருக்குல்ல? வெந்நி கேட்டுக் குடிங்க.’ ‘ஜெசி, நாம இன்னொரு நாளைக்கு...’ ‘வேணாம் டாடி, ஒண்ணும் சொல்லாதீங்க. இந்தக் கடையக் கண்டுபிடிக்க ஏழு கடை ஏறி எறங்கியிருக்கேன். அம்மா இருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பா?’ என்ன சொல்லியிருப்பாள். வைத்துவிட்டாள். காலியான நாற்காலியைப் பார்த்தார். இந்த ஊரில் யாருக்கும் இவர் பெயர் தெரியாது, தெரிந்த ஒரே கதையும் இவருடையது இல்லை. ஏழே முக்கால்.

அப்போதுதான் அது நடந்தது. வாத்தியக்காரர்கள் மேடையை விட்டு இறங்கி மேஜை மேஜையாக வர ஆரம்பித்தார்கள். கல்யாணநாள் கிழவி எதையோ கேட்டாள், லெஷெக் குனிந்து பதில் சொல்லி, மீசையைத் தூக்கிக்கொண்டு சிரித்தான், ஜன்னல் வெயில் நேரே அவன் வாயில் விழுந்தது. மேலே, ஓரமாக, மஞ்சளாக. இஞ்ஞாசி கரண்டியைக் கீழே வைத்தார். தங்கப்பல். இல்லை, வெயில். மறுபடி சிரிக்கட்டும். சிரித்தான். தங்கம்தான். லோபோ வாளி மேல் உட்கார்ந்து சொன்ன இரண்டு மணி நேரத்தையும் இவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார், அந்தச் சுருளை அவர் ஆயிரம் தடவை ஓட்டியிருக்கிறார், அதில் பல் கிடையாது, பல் சத்தியமாகக் கிடையாது, லோபோ பல்லை மறந்துவிட்டான். அப்படியென்றால் தூத்துக்குடியைத் தாண்டி திருநெல்வேலி வரை போகவே தலை சுற்றும் மெற்றில்டாவுக்கு இந்த மனுஷனின் பல் எப்படித் தெரியும்? தற்செயல். ஒரு அக்கார்டியன்காரனுக்கு ஒரு தங்கப்பல், குத்துமதிப்பாகச் சொன்னது, பட்டுவிட்டது. கப்பல்காரன் ஒத்துக்கொள்வானா அதை? லோபோ. எண்பத்தாறில் லோபோ வந்தான், தூத்துக்குடிக்கு, மூன்று நாள் தங்கினான். ஜெசிந்தா கைக்குழந்தை. இரண்டாம் நாள் காலை சீலா மீன் வாங்க இவர் கடற்கரைக்குப் போனார், ஏலம் இழுத்துக்கொண்டே போனது, திரும்பிவர மணி பத்து. வீட்டுக்குள் நுழையும்போது லோபோவின் சிரிப்பு திடீரென்று நின்றது, மெற்றில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரா, வேறா, இவர் கேட்கவில்லை, மீன் வெயிலில் கெட்டுவிடும் என்று அவசரப்பட்டார். சட்டத்தை உடைத்திருக்கிறான் படுபாவி. கொடுத்த கதையைத் திருப்பிச் சொல்லியிருக்கிறான், இந்தத் தடவை பல்லோடு. அப்படியானால் எண்பத்தாறிலிருந்தே. அப்படியானால் ஒவ்வொரு ஈஸ்டருக்கும், ஒவ்வொரு விருந்தாளிக்கும், ‘சொல்லுங்களேன், இவிய கேட்டதில்ல’ என்று அடுப்படியிலிருந்து அவள் எடுத்துக்கொடுத்தபோதெல்லாம். நண்டை உடைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்காமல். அவள் பல்லைச் சொன்னது இவரை மாட்டிவிடவா? இல்லை. கதை கொஞ்சம் நிஜமாக இருக்கட்டும் என்று தன் பங்குக்கு ஒரு கல்லை எடுத்து வைத்திருக்கிறாள்.

எட்டு அடித்ததா இல்லையா தெரியவில்லை, போழேனாவின் குரல் மைக்கில் வந்தது, போலிஷில் நீளமாக, நடுவில் ‘இந்தியா’ என்று ஒரு சொல், எல்லாத் தலையும் திரும்பியது, கைதட்டல், லெஷெக் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான், எழுபது வயசு, வியர்வை, நாப்தலின் வாசம் அடிக்கும் கோட்டு. இஞ்ஞாசி எழுந்தார். கப்பல் இங்கிலீஷில் சொன்னார், மைக்குக்குச் சொல்லவில்லை, அந்த மீசைக்குச் சொன்னார்: ‘அன்றைக்கு வந்தது நான் இல்லை. நான் கப்பலில் வாட்ச் நின்றேன். வந்தது என் நண்பன்.’ போழேனாவின் வாய் திறந்தபடி நின்றது, இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று. லெஷெக் இவரை மேலும் கீழும் பார்த்தான், கோட்டு வாங்கிய அம்மாள் பார்த்த மாதிரியே. பிறகு இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் பீப்பாய் மாதிரி வளைத்துக் காட்டினான்.

‘எனக்குத் தெரியும். அவன் இவ்வளவு. உன்னைப்போல இரண்டு பேரை அவனுக்குள் உட்கார வைக்கலாம்.’

‘நன்றாகப் பாடினானா?’

‘மோசம்’ என்று லெஷெக் சிரித்தான். ‘மாடு கத்தியது போல. ஆனால் ராகம் போகவில்லை, இங்கேயே இருக்கிறது’ என்று அக்கார்டியனின் வயிற்றைத் தட்டினான். மைக்கை வாங்கிக் கூடத்துக்கு ஏதோ சொன்னான், கூடம் சிரித்தது, என்ன சொன்னான் என்று இவருக்குத் தெரியாது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். கதைக்குள் நாற்பத்தாறு வருஷம் சத்தமே இல்லாமல் கிடந்த பாட்டு. மெதுவான பாட்டு, கொஞ்சம் கோயில் போல, கொஞ்சம் கள்ளுக்கடை போல. இஞ்ஞாசி அதை முதல் தடவையாகக் கேட்டார். யாரும் அழவில்லை. ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டது. பச்சைக் கையுறை யாரும் போட்டிருக்கவில்லை. பாட்டு அதுபாட்டுக்குப் போய் முடிந்தது, தட்டினார்கள், வாத்தியக்காரர்கள் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஜெசிந்தா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு. ‘பாடலையா டாடி?’

‘உக்காருமா. நான் அன்னைக்கு இங்க வரவேயில்ல.’

அவள் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். ‘ஏழு கடை ஏறி எறங்கினேன்’ என்றாள், யாருக்கோ சொல்கிற மாதிரி. பிறகு நிமிர்ந்தாள். ‘அப்ப அந்தத் தங்கப்பல்லு? இப்ப பாத்தேனே, அவருக்கு இருக்கே?’

‘அது உங்கம்மா சொன்னது. நான் சொன்னதில்ல.’

‘அம்மாவுக்கு எப்படி...’

‘லோபோ மாமா. இங்க வந்தவன் அவன்தான். வீட்டுக்கு வந்தப்ப அவள்ட்ட சொல்லியிருக்கான்.’

அவள் முகத்தில் அது மெதுவாக இறங்குவதை இவர் பார்த்தார், கப்பலில் நீர்மட்டக் குழாயைப் பார்ப்பது போல. ‘அப்ப அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.’

‘தெரிஞ்சிருக்கு.’

‘உங்கள்ட்ட ஒரு வார்த்த கேக்கலையா?’

‘கேட்டா. மறுபடி சொல்லுங்கன்னு கேட்டா.’

ஜெசிந்தா சிரிக்கப் பார்த்து, முடியாமல், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் கைப்பைக்குள் போன் துடித்தது; ஆபீஸ்; ‘அஞ்சே நிமிஷம் டாடி’ என்று தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். நாற்காலி மறுபடி காலி. ஜன்னலில் வெயில் இன்னும் போகவில்லை, இந்த ஊரில் அது எப்போது போகும் என்றே தெரியவில்லை. அந்த மூலையில் லெஷெக் யாருக்கோ சிரித்தான். சட்டம் என்றால் சட்டம்தானே, கரை இறங்கியவன் சட்டை மாற்றும் முன்னால் நின்றவனிடம் சொல்லியாக வேண்டும். இஞ்ஞாசி தன் தட்டிலிருந்த ஒரு கொழுக்கட்டையைக் கரண்டியால் எடுத்து எதிர்த் தட்டில் வைத்தார், சிவப்புச் சாறு வெள்ளையில் பரவியது, முன்னால் சாய்ந்து சத்தம் தாழ்த்தி ஆரம்பித்தார். பனி இல்லட்டீ, நல்ல வெயிலு. கையுறை யாரும் போடல, பச்சையும் இல்ல ஊதாவும் இல்ல. அப்புறம் அந்தத் தங்கப்பல்லு, இத்தன வருஷமா நீ தப்பாச் சொல்லிட்ட, நான் கிட்ட நின்னு பாத்தேன், அது அவனுக்கு இடது பக்கமில்ல, வலது பக்கம். சொல்லிவிட்டு நிறுத்தினார், எதிரே நிற்கிறவனுக்கு அது இடதுதானே என்று மெற்றில்டா திருத்துவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் விட்டு.